மின் மையில் படிக்கலாமா? – ஓர் அலசல்



இந்த வருட மாணவர் மன்றக் கூட்டத்தில் நடந்த சின்னச் சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். நூலகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் இ-இங்க் படிப்பான் நாலு வாங்கிப் போடலாம் என்று ஒரு கட்சி. "அந்தக் காசுக்கு எத்தனை புஸ்தகம் வாங்கலாம், யோசிச்சுப் பாருங்கப்பா" என்று இன்னொரு கட்சி. கடைசியில் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியிலும் முக்கால்வாசிப் பேர் அந்தக் கருவியைக் கையில் தொட்டதே கிடையாது. என் தாய்மாமா புண்ணியத்தில் ஆறு மாதமாக ஒன்று என்னிடம் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்காரன் என்பதால் அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் குடைந்தும் பார்த்தேன். (கழற்றிப் பார்க்கவில்லை மாமா, பயப்பட வேண்டாம்.) அடுத்த கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் விஷயம் தெரிந்து தூக்கட்டுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

செல்போன் திரை என்பது ஒரு விளக்கு. எல்சிடி என்றால் பின்னால் விளக்கு எரிகிறது. ஓஎல்இடி என்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு விளக்கு. எழுத்தைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு நாம் ராத்திரி பூரா விளக்கை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இ-இங்க் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழுகிற வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். காகிதமும் அதைத்தான் செய்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

தலைமுடி தடிமனுக்கு ஒரு குமிழி. அதற்குள் நிறமில்லாத எண்ணெய் போன்ற ஒரு திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளை என்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு, அதாவது சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் இருக்கிற அதே சமாசாரம். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். இப்படி லட்சக்கணக்கான குமிழிகளை ஒரு தாளில் பூசி, மேலே கண்ணாடி போலத் தெரியும் ஒரு மின்முனை, கீழே டிரான்ஸிஸ்டர் வரிசை வைத்துவிட்டால் திரை ரெடி. கீழே ஒரு பக்கம் வோல்டேஜ் கொடுத்தால் வெள்ளை மேலே மிதந்து வரும். மாற்றிக் கொடுத்தால் கருப்பு மேலே வரும். கொடுப்பது 15 வோல்ட் அளவுதான். பாதி வழியில் நிறுத்தினால் சாம்பல் நிறம். இப்படிப் பதினாறு விதச் சாம்பல் காட்ட முடியும்.

திரவத்துக்குள் மின்னூட்டத் துகள் நகர்வதற்கு எலக்ட்ரோபோரெசிஸ் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கார் கம்பெனிக்கு இன்பிளாண்ட் டிரெயினிங் போன மெக்கானிக்கல் நண்பர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பாடி முழுவதையும் பெயிண்ட் தொட்டியில் முக்கிக் கரண்ட் கொடுப்பார்கள் அல்லவா? பெயிண்ட் துகள்கள் நீந்திப் போய்த் தகரத்தில் சீராக ஒட்டிக்கொள்ளும். அதே தத்துவம்தான். அங்கே ஒரு தடவை ஒட்டினால் ஆயுசுக்கும் போகாது. இங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒட்டி ஒட்டிப் பிரிக்கிறார்கள்.

இதில் அழகு என்னவென்றால், துகள் ஒரு தடவை மேலே வந்துவிட்டால் கரண்டை நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும். படம் மாறுவதற்கு மட்டும்தான் மின்சாரம், நிற்பதற்கு இல்லை. செல்போனோ அசையாத படத்தைக்கூட விநாடிக்கு அறுபது தடவை வரைந்துகொண்டே இருக்க வேண்டும். பாட்டரி வாரக்கணக்கில் வருகிறது என்று பெட்டியில் போட்டிருப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் பொடி எழுத்தையும் படியுங்கள்: தினம் அரைமணி நேரம் படித்தால், வை-ஃபையை அணைத்து வைத்தால் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். பரீட்சை நேரத்தில் நாம் படிப்பது அரைமணியா? மாமாவின் கருவி எனக்குப் பத்து நாள் தாங்குகிறது. அதுவே பெரிய விஷயம்தான்.

இந்த மையைக் கண்டுபிடித்தவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் ஜேக்கப்ஸன் என்ற பேராசிரியருக்கு யோசனை வந்தது. அதைச் செய்து காட்டியவர்கள் பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் என்ற இரண்டு இளநிலை மாணவர்கள். நம்ம செட்டைவிட ஒன்றிரண்டு வயது கூடினவர்கள், அவ்வளவே. 1997-ல் இ-இங்க் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1998-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஆய்வுக் கட்டுரை வந்தது. 2004-ல் சோனி ஜப்பானில் 'லிப்ரியே' என்ற படிப்பானை விற்றது. 2007 நவம்பரில் அமேஸானின் கிண்டில் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மை கம்பெனியை 2009-ல் தைவான்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். நேச்சர் கட்டுரைக்கும் கிண்டிலுக்கும் நடுவே ஒன்பது வருஷம். நம்ம புராஜெக்ட் ஒர்க்கை ஒரு செமஸ்டரில் முடிக்கச் சொல்கிறார்கள்!

நல்லதைச் சொல்கிறேன்

வெயிலில் படிக்கலாம். இதை வாயால் சொன்னால் புரியாது. மதியம் பஸ் ஸ்டாப்பில் செல்போனை எடுத்தால் நம் முகம்தான் தெரியும். இதில் வெயில் ஏற ஏற எழுத்து பளிச்சென்று தெரிகிறது. இருட்டில்? பழைய மாடல்களில் டியூப் லைட் வேண்டும், புத்தகம் மாதிரியே. 2012 முதல் வந்த பலவற்றில் ஓரத்தில் சின்ன எல்இடிகள் வைத்து, வெளிச்சத்தைத் திரையின் மேல் பக்கமாகப் பரப்புகிறார்கள். அந்த வெளிச்சம் திரையில் பட்டுத்தான் கண்ணுக்கு வரும். கரண்ட் போன ராத்திரியில் என் அறையில் நான் மட்டும் படித்தேன். "டேய், லைட்டை அணைடா" என்று யாரும் கத்தவில்லை.

கண்ணுக்கு நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அசதி குறைவாக இருக்கிறது, உண்மை. ஆனால் முன்விளக்கை முழுசாக ஏற்றி வைத்து, மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, கண் கொட்டாமல் மூணு மணி நேரம் பார்த்தால் எந்தத் திரையானாலும் கண் எரியத்தான் செய்யும். கண்ணாடியைக் கழற்றலாம் என்கிற மாதிரிப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

அடுத்தது, இதில் போன் வராது. வாட்ஸ்அப் சத்தம் வராது. கிரிக்கெட் ஸ்கோர் எட்டிப் பார்க்காது. என்னைக் கேட்டால் விளக்கு, பாட்டரி எல்லாவற்றையும்விட இதுதான் முதல் லாபம். செல்போனில் பிடிஎஃப் திறந்தவன் பத்தாவது நிமிஷம் எங்கே இருப்பான் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கருவி மந்தமாக இருப்பதால் வேறு எதையும் செய்யத் தோன்றுவதில்லை. மந்தமாக இருப்பதே சில சமயம் தகுதிதான்.

தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு உபகாரமும் உண்டு. இங்கிலீஷ் புத்தகம் படிக்கும்போது தெரியாத வார்த்தை மேல் விரலை வைத்து அழுத்தினால் அகராதி அர்த்தம் அங்கேயே வருகிறது. டிக்ஷனரி தேடி எழுந்து போக வேண்டாம். பக்கத்து பெஞ்சில் கேட்டு வெட்கப்படவும் வேண்டாம். முதல் முழு ஆங்கில நாவலை நான் முடித்தது இப்படித்தான். முதல் அத்தியாயத்தில் வரிக்கு ஒரு தடவை அழுத்தினேன், கடைசியில் பக்கத்துக்கு ஒரு தடவை.

எடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். இது சுமார் 200 கிராம்.

இனிமேல்தான் தகராறு

நம்ம சீனியர்கள் கொடுக்கிற நோட்ஸ், கேள்வித்தாள், மேனுவல் எல்லாமே ஏ4 அளவு பிடிஎஃப். அதை 6 அங்குலத் திரையில் போட்டால் என்ன ஆகும்? கணக்குப் போடுவோம். ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை பிதாகரஸ் போட்டால் 364 மில்லிமீட்டர், அதாவது 14.3 அங்குலம். 6-ஐ 14.3-ஆல் வகுத்தால் 0.42. ஆக, தாளில் 12 பாயிண்டில் இருக்கும் எழுத்து திரையில் 5 பாயிண்ட். மாத்திரை அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருப்பார்களே, அந்த சைஸ்! பெரிதாக்கலாம்தான், ஆனால் பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். வலது பக்கம் தள்ளு, இடது பக்கம் இழு, ஒவ்வொரு தள்ளலுக்கும் திரை மினுக்கென்று அணைந்து எரியும். இரண்டு பக்கத்துக்குள் பொறுமை போய்விடும்.

கதைப் புத்தகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவை ஈபப் மாதிரியான வடிவில் வருகின்றன. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடிந்துகொள்ளும். சர்க்யூட் டயக்ராம் மடியாது. டேபிள் மடியாது. நம் பாடப்புத்தகம் முழுக்க அவை இரண்டும்தான்.

திரையின் தரம் குறையா என்றால் இல்லை. முதல் கிண்டிலில் 600-க்கு 800 புள்ளிகள். பிதாகரஸ் போட்டால் 1000, ஆறால் வகுத்தால் அங்குலத்துக்கு 167. பிற்பாடு வந்த 6 அங்குலத் திரைகளில் 1072-க்கு 1448. அதே கணக்கில் 300 வருகிறது. அச்சுக்குக் கிட்டே வந்துவிட்டது. ஆக, குறை புள்ளியில் இல்லை, இடத்தில்தான். 10.3 அங்குலத் திரை உள்ள கருவிகள் இருக்கின்றன. அவற்றில் அந்த 12 பாயிண்ட் எழுத்து எட்டரைப் பாயிண்டாகத் தெரியும், படிக்கலாம். ஆனால் விலையைக் கேட்டால் நம் மன்றச் செயலாளர் மயக்கம் போட்டு விழுவார்.

வெள்ளை என்பதும் முழு வெள்ளை இல்லை. விழுகிற வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் இந்தத் திரை திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் நல்ல பேப்பரை வைத்துப் பார்த்தால் இது சாணிப் பேப்பர் கலர். அப்புறம் பேய் பிடிக்கும். கேலி இல்லை, நிஜமாகவே 'கோஸ்டிங்' என்றுதான் பெயர். சில துகள்கள் முழுசாக நகராமல் நின்றுவிட்டால் முந்தின பக்கத்தின் எழுத்து லேசாகத் தெரியும். அதை விரட்டத்தான் திரை அவ்வப்போது முழுக் கருப்பாகி வெளுக்கிறது. பக்கம் முழுசாக மாற அரை விநாடிக்குப் பக்கம் ஆகும். குளிரில் திரவம் கெட்டிப்படுவதால் இன்னும் தாமதம். அதனால் உள்ளே ஒரு வெப்பநிலை சென்ஸார் வைத்து, சூட்டுக்குத் தக்கபடி வோல்டேஜ் கொடுக்கும் நேரத்தை மாற்றுகிறார்கள். (இன்ஸ்ட்ருமெண்டேஷன் நண்பர்கள் கவனிக்க: நல்ல புராஜெக்ட் தலைப்பு.)

கலர்? வந்துவிட்டது. கருப்பு வெள்ளைத் திரை மேல் கலர் ஃபில்டர் போட்டது ஒரு வகை. அதில் 300 புள்ளி கலருக்கு 150 ஆகிவிடும், திரையும் கொஞ்சம் மங்கும். கருப்பு வெள்ளைக் கருவியில் ரெசிஸ்டர் கலர் கோடு அட்டவணையைத் திறந்து பார்த்தேன். பிரவுனும் சிவப்பும் ஒரே சாம்பல். சிரித்துவிட்டு மூடினேன்.

உடைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான திரைகளின் அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. என் அறை நண்பன் ஒருவன் பழையதாக ஒன்று வாங்கி, பையில் டிஃபன் பாக்ஸோடு சேர்த்துப் போட்டான். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே பாதித் திரை கோடு கோடாக உறைந்துவிட்டது. ரிப்பேர் கடையில் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய கருவியே வாங்கலாம். புத்தகம் டிஃபன் பாக்ஸோடு போனால் சாம்பார் வாசனை வரும், அவ்வளவுதானே!

படித்தது மனதில் நிற்கிறதா?

இதைப் பற்றி நார்வேயைச் சேர்ந்த ஆன் மாங்கன் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள், 2019-ல் வெளியானது. ஐம்பது பேர். ஒரே துப்பறியும் கதையைப் பாதிப் பேர் அச்சுப் புத்தகத்திலும் பாதிப் பேர் கிண்டிலிலும் படித்தார்கள். கதை புரிந்ததா என்று பார்த்ததில் பெரும்பாலான கேள்விகளில் இரண்டு பக்கமும் சமம். ஆனால் எந்தச் சம்பவம் முன்னால் நடந்தது, எது பின்னால் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது கிண்டில் கோஷ்டி பின்தங்கியது. கையில் இடது பக்கம் எவ்வளவு கனம், வலது பக்கம் எவ்வளவு கனம் என்று புத்தகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கருவி எப்போதும் ஒரே கனம். காரணம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஐம்பது பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனால் எனக்கு இது உடனே பிடிபட்டது. தியரமை மறந்தாலும் "இடது பக்கம், கீழே, டயக்ராமுக்கு மேலே இருந்ததே" என்று நாம் ஞாபகம் வைத்துக்கொள்வோம் இல்லையா? டேட்டா புக்கில் விரல் தானாக அந்தப் பக்கத்தில் போய் நிற்குமே? கருவியில் எழுத்தைப் பெரிதாக்கினால் இடது பக்கம் இருந்தது எங்கேயோ போய்விடும். ஒரு விரலை அட்டவணையில் செருகி, இன்னொரு விரலைக் கணக்கில் வைத்து மாற்றி மாற்றிப் புரட்டுகிற வேலை இதில் நடக்கவே நடக்காது. டேட்டா புக்கை எக்ஸாம் ஹாலுக்குள் கொண்டு போகலாம். இதைக் கொண்டு போனால் பிட் கேஸ்!

யாருடைய புத்தகம்?

நம் காலேஜில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சீனியர் படித்த புத்தகத்தைப் பாதி விலைக்கு ஜூனியர் வாங்குவான். அவன் அதை அடுத்தவனுக்குக் கால் விலைக்குத் தள்ளுவான். ஒரே புத்தகம் நாலு பேரை டிப்ளமா ஆக்கிவிடும். மார்ஜினில் நாலு பேர் கையெழுத்தும் இருக்கும். மின்நூலில் இந்த வியாபாரம் கிடையாது. காசு கொடுத்தாலும் நாம் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமத்தை. அது கணக்கோடு கட்டப்பட்டது, கைமாற்ற முடியாது.

சோனியின் அந்த முதல் லிப்ரியேயில் வாங்கிய புத்தகம் அறுபது நாளில் தானே படிக்க முடியாமல் போய்விடும். நூலகத்தில் அபராதமாவது கட்டலாம்! 2009 ஜூலையில் நடந்தது இன்னும் மோசம். விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேஸான் வாடிக்கையாளர்களின் கிண்டிலுக்குள் புகுந்து புத்தகங்களை அழித்துவிட்டது. என்ன புத்தகங்கள் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெலின் '1984'-ம் 'விலங்குப் பண்ணை'யும்! அரசாங்கம் பழைய பேப்பரையெல்லாம் திருத்தி எழுதுகிற கதையைச் சொன்ன நாவலுக்கா இந்தக் கதி! காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் பள்ளி வேலைக்காக ஒரு மாணவன் எடுத்து வைத்திருந்த குறிப்புகள் மூலப் புத்தகம் இல்லாமல் உதவாமல் போயின. அவன் வழக்குப் போட்டான், சமரசத்தில் முடிந்தது. 2019 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் மின்நூல் கடையையே மூடியது. வாங்கிய புத்தகமெல்லாம் மறைந்தது, பணம் மட்டும் திரும்பி வந்தது. வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள்.

தமிழுக்கு வருவோம். 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்கள் வந்தன. அதற்கும் முன்னாலிருந்தே காசில்லாத வழி இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் முதல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறது. 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் ஈபப்பிலும், 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பிலும் தருகிறார்கள். நம் ஆறங்குல நோயை அறிந்தவர்கள்! தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் அரிய பழைய புத்தகங்கள் உண்டு. ஆனால் அவை பக்கத்தைப் படம் பிடித்தவை. சின்னத் திரையில் கண் போய்விடும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே ஏற்றினால் அர்த்தமில்லாத குறிகள் வரும், யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத சில கருவிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வாங்கும் முன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து "கொக்கு" என்ற வார்த்தை சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

இனி தீர்மானத்துக்கு வருகிறேன். நாலு வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. பாடப்புத்தகம் இதில் ஏறாது. நூலகத்தில் நம் முதல் தேவை அதுதான். ஒன்றோ இரண்டோ வாங்கலாம், கதைக்கும் இங்கிலீஷ் பழகுவதற்கும். ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல் என்பதால் கெட்டி உறை போட்டு, வீட்டுக்குக் கொடுக்காமல் நூலகத்திலேயே வைத்துப் படிக்கச் சொல்லலாம். இன்னொன்று, இதை யாரும் கூட்டத்தில் பேசவில்லை: கணக்கு யார் பெயரில்? செயலாளர் பெயரில் திறந்தால் ஏப்ரலில் அவர் பாஸ் அவுட் ஆகும்போது வாங்கிய புத்தகமெல்லாம் அவர் பின்னாலேயே போய்விடும். நூலகத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, நூலகர் கையில் கடவுச்சொல்லைக் கொடுத்து, காசுப் புத்தகம் எதுவும் வாங்காமல் இலவசமானவற்றை மட்டும் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. மீதிப் பணத்துக்கு டேட்டா புக் வாங்குங்கள். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்காரர்கள் ஒரே ஒரு காப்பிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

தை பிறந்ததும் மாமா கருவியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். "மாப்ளே, முகப்புல ஏதாச்சும் கோடு இருந்துச்சு, அப்புறம் பேச்சு வேற மாதிரி இருக்கும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அதுவரைக்கும் பார்க்க ஆசைப்படுகிற நண்பர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் ஹாஸ்டலில் என் அறைக்கு வரலாம். இரண்டு கட்சிக்காரர்களும் வரலாம். கையைக் கழுவிவிட்டு வரவும்.